விளக்கெண்ணெய்க் காவல்

முகுந்தன் கோலா சிலாங்கூருக்கு அருகே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். விதிமுறைத் தாளில் எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்யக்கூடியவர். ‘எஸ்.ஓ.பி.’ என்ற மூன்றெழுத்து அவருக்கு மந்திரம். கையுறையை ஊதிப் பார் என்றிருந்தால் ஊதுவார். ஏன் ஊத வேண்டும் என்று கேட்க மாட்டார். தொழிற்சாலையில் இந்தக் குணத்தால் அவருக்கு நல்ல பெயர். வீட்டில் மட்டும் அதே குணம் அவரைக் கவிழ்த்துவிட்டது.

சென்ற தீபாவளிக்கு முன்பு, மனைவிக்கு ஒத்தாசை செய்வதாக எண்ணி, கங்காவின் காஞ்சிப் பட்டைச் சலவை இயந்திரத்தில் போட்டார். இயந்திரத்தின் குமிழில் ‘பட்டு’ என்று ஒரு குறியீடு இருந்தது. அதைத்தான் அவர் திருகினார். வெளியே வந்தது கொலு பொம்மைக்குக் கட்டலாம் போலிருந்தது. அன்று முதல் கங்காவின் உறவினர் வட்டாரத்தில் அவருக்கு ‘வாஷிங் மெஷின் மாப்பிள்ளை’ என்று பெயர் விழுந்துவிட்டது. எந்த விருந்துக்குப் போனாலும், யாராவது ஒருவர் தம் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “மாப்ள, கிட்ட வராதீங்க, சுருங்கிடும்” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். கங்காவும் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் முகுந்தனுக்குத் தாங்காது.

கங்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு மரபுத்தொடர், பழமொழி முதலிய மொழியணி கற்பிப்பவர். முகுந்தனோ பாகான் நக்கோடா ஓமாரில் பிறந்தவர். தந்தையார் மீன் லோரி ஓட்டினார். அருகில் இருந்த மலாய்ப் பள்ளியில் மகனைச் சேர்த்தார். ஆகவே முகுந்தனின் தமிழ் சோறு, குழம்பு, சண்டை, சமாதானம் ஆகியவற்றுக்குப் போதுமானது; அதற்கு மேல் போனால் தள்ளாடும்.

இந்நிலையில் கங்காவின் தம்பி பவனேஷுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, சுங்கை ஆயர் தாவாரில், கோயில் மண்டபத்தில். வாழ்த்துமடல் எழுதி மேடையில் வாசிக்கும் பொறுப்பு கங்காவுடையது. மடல் எழுதுவதில் அவருக்கு அச்சமில்லை. அச்சமெல்லாம் பெரியம்மா மகள் நாகமணியைப் பற்றித்தான். சென்ற திருமணத்தில் கங்கா மேடையிலிருந்து இறங்கியதும் நாகமணி எல்லார் காதிலும் விழும்படி, “ஏண்டி கங்கா, கண்ணு ரெண்டும் தூங்குதே, ஒடம்புக்கு முடியலையா?” என்று விசாரித்திருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. கங்காவின் இமைமுடிகள் இயல்பாகவே சிறியவை, அவ்வளவுதான்.

“இந்த வாட்டி நான் ஐலேஷ் ஒட்டிக்கப் போறேன்” என்றார் கங்கா.

“ஒட்டிக்கோ. ஞாயித்துக்கெழம வரைக்கும் அது பத்திரமா இருக்கிறது என் பொறுப்பு” என்றார் முகுந்தன்.

கங்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பட்டுச் சேலைக்கும் அப்படித்தான் சொன்னீங்க.”

“அதனாலதான் சொல்றேன்.”

அந்தக் குரலில் இருந்த கெஞ்சலைக் கேட்டு, கங்கா தலையசைத்துச் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இருவரும் ஹிதாயாவின் அழகு நிலையத்திற்குச் சென்றார்கள். அது ஹிதாயாவின் அண்ணன் நஜ்முதீன் நடத்தும் உணவகத்திற்கு மேல் மாடியில் இருந்தது. கங்கா மேலே விளக்கின் கீழ் கண்மூடிப் படுத்திருக்க, முகுந்தன் கீழே தே தாரிக் மேல் தே தாரிக்காகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக மேலிருந்து ஹிதாயாவின் அழைப்பு வந்தது.

“உள்ள வாங்கண்ணே, கூச்சப்படாதீங்க. அக்காவ அடையாளம் தெரியுதா பாருங்க.”

கங்கா மெல்லக் கண் திறந்தார். முகுந்தன் எதையாவது நயமாகச் சொல்ல வேண்டும் என்று தவித்து, “காத்து வருது” என்றார்.

“இது பாராட்டா, புகாரா?”

“விசிறி மாதிரி இருக்குன்னு சொன்னேன்லா.”

கங்கா மகிழ்ச்சியோடு பக்கத்து அறைக் கண்ணாடிக்குப் போய்விட்டார். ஹிதாயா முகுந்தனின் பக்கம் திரும்பினார்.

“கேட்டுக்குங்கண்ணே. இன்னைக்கும் நாளைக்கும் இதுல தண்ணி படக்கூடாது. ஆவி படக்கூடாது, பசை எளகிடும். குப்புறப் படுக்கக் கூடாது. தேய்க்கவே கூடாது, கண்ணுல தண்ணி வந்தா ஒத்தி எடுக்கணும். காலையில இந்தச் சின்ன பிரஷ்ஷால சீவி விடணும். முக்கியமா எண்ணெ. எண்ணெ பட்டுச்சுன்னா அம்புட்டும் வழுக்கிக்கிட்டு வந்துடும்.”

முகுந்தன் காலை நேரத் தொழிற்சாலைக் கூட்டத்தில் நிற்பதைப் போலக் கைகட்டி நின்று கேட்டார்.

ஹிதாயாவின் முன்னோர் தமிழ்நாட்டின் கடலோர ஊரொன்றிலிருந்து வணிகம் செய்ய வந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் மரபுத்தொடர் இல்லாமல் சோறுகூடப் பரிமாற மாட்டார்கள். ஆகவே ஹிதாயா இயல்பாக முடித்தார்: “அக்கா மறந்திடுவாங்க. நீங்கதான் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துக்கணும்.”

முகுந்தனின் புருவம் உயர்ந்தது. “எண்ணெ கிட்ட வரக்கூடாதுன்னு இப்பதானே சொன்னீங்க?”

“அது அக்கா கண்ணுக்குண்ணே. நான் சொல்றது உங்களுக்கு!” அண்ணன் வேடிக்கை செய்கிறார் என்று ஹிதாயா நினைத்துச் சிரித்தார்.

“எத்தன தடவ?”

“தடவக் கணக்கெல்லாம் ஏது? முழிச்சிருக்கிற நேரம் பூராவும்தான்.”

முகுந்தன் தலையசைத்தார். முகம் சற்று வெளுத்திருந்தது. ஆயினும் யோசித்துப் பார்த்தபோது அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே அவருக்குப் பட்டது. தொழிற்சாலையிலும் அப்படித்தான்: கையுறைக்கு ஒரு விதி, அதைச் சோதிப்பவருக்கு வேறு விதி. கண்ணில் எண்ணெய் விட்டால் இமை கொட்டாமல் பார்க்க முடியும் போலும். எதற்காக என்று கேட்பது அவர் வழக்கமில்லையே.

வீட்டுக்குப் போகும் வழியில் ஐயாவு மளிகைக் கடையில் காரை நிறுத்தி, விளக்கெண்ணெய் ஒரு சிறிய புட்டி கேட்டார்.

“வயித்துக்கா தம்பி?” என்றார் ஐயாவு, குரலைத் தாழ்த்தி. “பாத்துக் குடிங்க. ஞாயித்துக்கெழம மச்சான் கல்யாணம்னீங்களே, அங்க போய் மாட்டிக்காதீங்க.”

“குடிக்கிறதுக்கு இல்ல. கண்ணுக்கு.”

“கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனா ஒலகம் கொழகொழன்னு தெரியும்.”

புட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். காரில் காத்திருந்த கங்காவிடம் காட்டவில்லை. மேற்பார்வையாளரின் வேதனை பொருளுக்குத் தெரியக்கூடாது என்பது அவர் கொள்கை.

அன்று மாலை முதல் காவல் தொடங்கியது. கங்காவைச் சமையலறைக்குள் விடவில்லை. இரசம் கொதித்தபோது சமையலறைக் கதவையே சாத்திவிட்டு, தாம் மட்டும் உள்ளே நின்று ஆவி பிடித்தார். சனிக்கிழமை காலை கங்கா பழக்க தோஷத்தில் தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கிண்ணத்தை எடுத்தார். முகுந்தன் அதை வெடிகுண்டைப் போல இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் வைத்தார். பக்கத்து வீட்டு விஜயராணி மருமகளுடைய குழந்தைக்குச் சாம்பிராணி போட்டபோது, வேலி ஓரம் நின்று செய்தித்தாளால் புகையை அவர்கள் பக்கமே விசிறினார்.

“என்ன தம்பி, எங்க வீட்டு சாம்பிராணி உங்க வீட்டுக்கு வரக்கூடாதா?” என்று விஜயராணி வருத்தப்பட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. வீட்டுல ஐலேஷ் இருக்கு.”

விஜயராணி, ஐலேஷ் என்பது ஏதோ புது ஜாதிப் பூனை என்று எண்ணிக்கொண்டு உள்ளே போனார்.

பிற்பகலில் கங்கா தொலைக்காட்சித் தொடர் பார்க்க உட்கார்ந்தார். அந்தத் தொடரில் வாரம் தவறாமல் யாராவது மருத்துவமனைக் கட்டிலில் படுப்பார். கங்காவும் வாரம் தவறாமல் அழுவார். பின்னணியில் வீணை ஒலிக்கத் தொடங்கியதுமே முகுந்தன் பதறினார்.

“அந்தம்மா சாக மாட்டாங்க. ரிப்போர்ட் மாறிப்போச்சு. நான் கைப்பேசியில பாத்துட்டேன்.”

“என்னங்க! கதைய இப்படிப் போட்டு ஒடச்சிட்டீங்களே!”

“அழாத, அழாத. கோவப்படு. கோவத்துக்குத் தடையில்ல.”

அதன்பின் கங்கா சிறிது நேரம் கண்ணயர்ந்தார். முகுந்தன் நாற்காலி போட்டு அருகில் உட்கார்ந்தார். மின்விசிறியின் காற்றில் தாமும் சற்றே அசந்துவிட்டார் போலும். விழித்துப் பார்த்தபோது கங்கா புரண்டு குப்புறக் கவிழ இருந்தார். பாய்ந்து சென்று தலையணைக்கும் முகத்துக்கும் நடுவே உள்ளங்கையைக் கொடுத்தார்.

கங்கா விழித்தார். “என்ன பண்றீங்க?”

“மொகத்தத் தாங்கிட்டிருக்கேன். நீ தூங்கு.”

இமைகள் பிழைத்தன. முகுந்தனின் மனசாட்சிதான் பிழைக்கவில்லை. தாம் அசந்து போனதற்குக் காரணம் அவருக்குத் தெரியும். சட்டைப் பைக்குள் புட்டி இருந்தது. அதன் மூடிகூட இன்னும் திறக்கப்படவில்லை. இருமுறை குளியலறைக்குள் போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார், அவ்வளவுதான். எஸ்.ஓ.பி.யில் ஒரு விதியை மீறிவிட்டு மற்றவற்றைப் பின்பற்றி என்ன பயன்? தம் கீழ் வேலை செய்பவர் எவராவது இப்படிச் செய்திருந்தால் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கங்கா உள்ளே புடவை கட்டிக்கொண்டிருந்தார். முகுந்தன் வேட்டி சட்டையோடு கார் நிறுத்தும் இடத்தில் நின்று, முருகனை வேண்டிக்கொண்டு, தலையை அண்ணாந்து, இரண்டு கண்ணிலும் விளக்கெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக்கொண்டார்.

ஐயாவு சொன்னது மெய். உலகம் கொழகொழவென்றுதான் தெரிந்தது. கார் தேன்பாகில் மிதந்தது. வேலியோரத்து வாழை மரம் இரண்டாகி, ஒன்றையொன்று நலம் விசாரித்தது. கன்னத்தில் எண்ணெய் வழிந்தோட, அவர் கடமை தவறாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கங்கா வாசலுக்கு வந்தார். மாம்பழ நிறப் பட்டு, கூந்தல் நிறைய மல்லிகை, கண்களில் அந்த இரண்டு விசிறிகள். கணவரின் கன்னத்தில் தாரை தாரையாக வழிவதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னங்க… அழறீங்களா?”

முகுந்தன் இருமினார். எண்ணெய் தொண்டைக்கும் இறங்கியிருந்தது.

கங்காவின் நெஞ்சு இளகிற்று. தம்பியின் திருமணத்துக்கு இந்த மனிதர் இவ்வளவு உருகுவாரா? அல்லது, ஒருவேளை, தம்மைப் பார்த்தா? ‘வாஷிங் மெஷின்’ என்று ஊரே சிரித்தபோது தாமும் சேர்ந்து சிரித்தது நினைவுக்கு வந்தது. அருகில் வந்து, கைக்குட்டையை எடுத்து, கணவரின் கண்களை அன்போடு துடைத்தார். துடைக்கத் துடைக்க வழுக்கிற்று. முகர்ந்து பார்த்தார்.

“கண்ணீர் ஏங்க இப்படிப் பிசுபிசுன்னு இருக்கு?”

“வெளக்கெண்ணெ.”

“எதுக்கு?”

“ஹிதாயா எங்கிட்ட சொன்னாங்க, ஞாயித்துக்கெழம வரைக்கும் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துக்கணும்னு. ரெண்டு நாளா பயமா இருந்துச்சு. இன்னைக்குத்தான் தைரியம் வந்துச்சு.”

கங்கா சென்ற வாரம்தான் வகுப்பில் அந்த மரபுத்தொடரை நடத்தி, ‘மிகவும் விழிப்பாகக் கவனித்தல்’ என்று கரும்பலகையில் பொருள் எழுதிப் போட்டிருந்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மல்லிகை உதிரச் சிரித்தார். விஜயராணி வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும்படி சிரித்தார். தொலைக்காட்சித் தொடரால் வராத கண்ணீர், சாம்பிராணியால் வராத கண்ணீர், அப்போது பொலபொலவென்று கொட்டிற்று.

“ஒத்தி எடு! தேய்க்காத, ஒத்தி எடு!” என்று முகுந்தன் கத்தினார். ஆனால் இரண்டு கங்காக்களில் எவர் கையைப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. காற்றைப் பிடித்தார்.

அதற்குள் கங்கா பழக்கத்தில் இடது கண்ணைத் தேய்த்துவிட்டார். அதே கைக்குட்டையால்.

சிரிப்பு நின்றது. கைக்குட்டையை விரித்தபோது, கறுப்பு எறும்புகள் சாரை சாரையாக எண்ணெயில் விழுந்து மாண்டதுபோல ஒட்டு இமைமுடிகள் படுத்துக் கிடந்தன. வலது கண்ணில் விசிறி விரிந்தே இருந்தது. இடது கண்ணில் எஞ்சிய சில முடிகள், மழையில் நனைந்த கோழியின் இறகைப் போல ஆளுக்கொரு திசையில் நின்றன.

“போச்சா?” என்றார் முகுந்தன் மெல்லிய குரலில்.

“ஒரு பக்கம் இருக்கு” என்றார் கங்கா.

காரைக் கங்காதான் ஓட்டினார். கணவருக்குச் சாலை எது, வாய்க்கால் எது என்று தெரியாத நிலை. இருபுறமும் வயல்கள் பச்சையாக ஓட, ஹிதாயாவைக் கைப்பேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். விவரத்தைக் கேட்டதும் ஹிதாயா அலறினார்.

“அலாமாக்! அண்ணே, அது பழமொழிண்ணே! யாராச்சும் நெசமா ஊத்துவாங்களா?”

“பழமொழி இல்ல ஹிதாயா, மரபுத்தொடர்” என்று கங்கா திருத்தினார். இமை போனாலும் ஆசிரியை ஆசிரியைதான்.

“என்னவோ ஒண்ணு. அக்கா, மிச்சத்தப் பிடிச்சு இழுத்திடாதீங்க, சொந்த முடியும் சேர்ந்து வந்துடும். கறுப்புக் கண்ணாடி போட்டு ஒப்பேத்துங்க. நாளைக்கு வாங்க, நான் சரி பண்ணித் தர்றேன். அண்ணன கூட்டிட்டு வந்தா கீழயே உக்கார வைங்க.”

சுங்கை பெசாரில் பெட்ரோல் எண்ணெய் நிலையம் ஒன்றில் இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் கிடைத்தன. மண்டபத்து வாசலில் இருவரும் கண்ணாடியோடு இறங்கியதும், பன்னீர்ச் செம்போடு நின்ற நாகமணியின் முகம் மலர்ந்தது.

“என்னடி கங்கா, சினிமா சூட்டிங்கா? ரெண்டு பேரும் கழட்டுங்க, பாப்போம்.”

முகுந்தன் சொல் தட்டாதவர். உடனே கழற்றினார். செக்கச் செவேலென்று சிவந்து, நீர் கோத்து, பளபளவென்று மின்னிய இரு கண்களைக் கண்டதும் நாகமணி ஓரடி பின்வாங்கினார்.

“ஐயோ, சகிட் மாத்தாவா? கண்ணு நோவா மாப்ள?”

“இல்லக்கா, அது வெளக்—”

கங்கா கணவரின் முழங்கையைக் கிள்ளினார். “ஆமாக்கா. இப்பதான் ஆரம்பம். எனக்கும் ஒரு கண்ணுல வந்திருக்கு. கழட்டிக் காட்டவா?”

“வேணாம்டி, வேணாம்டி! சாமி, அங்கயே நில்லு!”

அவர்கள் உட்காருவதற்குள் செய்தி மண்டபம் முழுதும் உட்கார்ந்துவிட்டது. அவர்கள் வரிசையில் மற்ற நாற்காலிகள் காலியாயின. கட்டியணைக்க வந்த அத்தைகள் தூரத்திலிருந்தே கும்பிட்டார்கள். பவனேஷ்கூட மேடையிலிருந்து, “அக்கா, நீ வாழ்த்தினா போதும், கிட்ட வரவேணாம்” என்று சைகை காட்டினார். ‘சுருங்கிடும்’ என்று கேலி செய்ய ஒருவரும் அருகில் வராததை முகுந்தன் கவனித்தார். மகிழ்வதா வருந்துவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

தாலி கட்டி முடிந்தது. ஒலிபெருக்கியில் கங்காவின் பெயரை அழைத்தார்கள்.

மேடையேறி மடலைப் பிரித்தால், கறுப்புக் கண்ணாடிக்குள் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கங்கா தயங்கினார். முன்வரிசையில் நாகமணி கழுத்தை நீட்டிக் காத்திருந்தார். முகுந்தன் தூணோரம் எழுந்து நின்று, இன்னும் கலங்கிய கண்களைச் சுருக்கிச் சுருக்கி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை. அவர் காவலும் முடியவில்லை.

கங்கா கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண்ணில் விசிறியும் ஒரு கண்ணில் கோழியிறகுமாக நிமிர்ந்து நின்று வாசிக்கத் தொடங்கினார். அன்பும் அறனும் பற்றிய அடிகள் நல்லபடி போயின. பிறகு, போன வாரமே எழுதி வைத்திருந்த அந்த வரி வந்தது: ‘கண்ணை இமை காப்பதுபோல் ஒருவரையொருவர் காத்து.’

குரல் நடுங்கியது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். கண்ணீர் உருண்டது. தம்பி மேல் என்ன பாசம் என்று அத்தைகள் மூக்கை உறிஞ்சினார்கள். முகுந்தன் தூணோரத்திலிருந்து, கையில் காற்றைப் பிடித்து, ‘ஒத்தி எடு’ என்று செய்து காட்டினார்.

கங்கா முந்தானையின் நுனியால் ஒத்தி எடுத்தார். பின் தாளைப் பாராமல், தூணைப் பார்த்து, தெளிவாகச் சொன்னார்:

“இமையைக் கண் காப்பதுபோல் ஒருவரையொருவர் காத்து, வாழ்க பல்லாண்டு.”

கைதட்டல் அடங்குவதற்குள் நாகமணி எழுந்துவிட்டார். விருந்துக் கூடத்தில், நோய் தொற்றாத தொலைவில் நின்றுகொண்டு, பாயசக் கரண்டியால் சுட்டிக்காட்டியே சொன்னார்: “டீச்சரம்மா! மேடையில தப்பா படிச்சிட்ட! கண்ணத்தான் இமை காக்கும். இமைய எங்கயாச்சும் கண்ணு காக்குமா? சின்னப் புள்ளைக்கும் தெரியும்லா!”

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கங்கா நிதானமாக அப்பளத்தை நொறுக்கினார்.

“எங்க வீட்டுல அப்படித்தான்க்கா.”

அருகே அமர்ந்திருந்த முகுந்தன், இலையில் எது சோறு எது பாயசம் என்று தடவிக்கொண்டிருந்தவர், கவலையோடு மனைவியின் பக்கம் குனிந்தார்.

“எது தப்பாம்? எனக்கு எல்லாம் சரியாத்தானே தெரியுது?”

கங்கா அவர் கையைப் பிடித்துச் சோற்றின் மேல் வைத்தார்.